பிகோ போர்டில் ஃபர்ம்வேர் ஏற்றும் முறை: முதன்முறை செய்பவர்களுக்கு

மைக்ரோகன்ட்ரோலர் போர்டை (ஒரே சிப்பில் அமைந்த சிறு கணினியைத் தாங்கிய போர்டை) முதன்முறையாக வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு ஓர் அச்சம் இருக்கும்: தவறான ஃபர்ம்வேரை, அதாவது சிப்பை இயக்கும் அடிப்படை மென்பொருளை, ஏற்றிவிட்டால் போர்டே வீணாகிவிடுமோ என்று. ராஸ்பெரி பை பிகோவைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்கு இடமில்லை. 2021 ஜனவரியில் வெளிவந்த இந்தப் போர்டின் ஆர்பி2040 சிப்புக்குள் 16 கிலோபைட் அளவுள்ள ரோம், அதாவது மாற்றி எழுத முடியாத நினைவகம், இருக்கிறது; யூஎஸ்பி வழியாக ஃபர்ம்வேரைப் பெற்று எழுதும் பூட்லோடர், சிப் தயாராகும்போதே அதற்குள் பதிக்கப்பட்டுவிடுகிறது. நாம் ஏற்றும் புரோகிராம்களோ சிப்புக்கு வெளியே, போர்டின் மேல் தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும் 2 மெகாபைட் ஃபிளாஷ் சிப்பில் போய்ச் சேருகின்றன. அந்த ஃபிளாஷில் எந்தக் குப்பையை எழுதினாலும் ரோமில் உள்ள பூட்லோடருக்கு ஒன்றும் ஆகாது. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் மறுபடியும் முதலிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். ஆர்டுயினோ ஊனோ போன்ற போர்டுகளில் பூட்லோடரும் நம் புரோகிராமும் ஒரே ஃபிளாஷைப் பங்கு போட்டுக்கொள்வதால், அங்கே பூட்லோடர் அழிந்துவிட்டால் அதைத் திரும்ப எழுதத் தனிப் புரோகிராமர் கருவி வேண்டும். புதியவர்களுக்கு நான் பிகோவைப் பரிந்துரைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இருந்தும் முதல் முயற்சியிலேயே பலர் தடுமாறுகிறார்கள். தடை பெரும்பாலும் கேபிள், கோப்பு, கணினி ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்க, பழி மட்டும் போர்டின் மேல் விழுகிறது. பெங்களூரில் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருந்து, ஒரு சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போய் முதல் போர்டை வாங்கி வரும் தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

கடையில் கவனிக்க வேண்டியவை

சிக்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எஸ்.பி. ரோடு நடக்கும் தொலைவுதான். அங்குள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 'பிகோ' என்று மட்டும் கேட்டால், அந்தப் பெயரில் உள்ள ஏதோ ஒன்று உங்கள் கைக்கு வரும். பிகோ, 2022-இல் வந்த பிகோ டபிள்யூ, 2024-இல் வந்த பிகோ 2, அதன் வைஃபை வடிவமான பிகோ 2 டபிள்யூ ஆகிய நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவும் தோற்றமும் உடையவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஃபர்ம்வேர் கோப்பு தனி. போர்டின் ஒரு முனையில் வெள்ளி நிறத் தகர மூடி இருந்தால் அது வைஃபை உள்ள வடிவம். நடுவில் உள்ள கறுப்புச் சிப்பின் மேல் ஆர்பி2350 என்று அச்சிட்டிருந்தால் அது பிகோ 2 வகை. எது உங்களிடம் இருக்கிறது என்பதை வாங்கும் இடத்திலேயே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அது தேவைப்படும்.

ஆர்பி2040 சிப்பை வைத்து வேறு நிறுவனங்கள் செய்யும் போர்டுகளும் அங்கே கிடைக்கின்றன. விலை குறைவாகவும், சிலவற்றில் தனி ரீசெட் பொத்தான், டைப்-சி சாக்கெட் போன்ற வசதிகள் கூடுதலாகவும் இருக்கும். வாங்குவதில் தவறில்லை. ஆனால் சில மலிவான டைப்-சி போர்டுகளில், டைப்-சி முறைப்படி சாக்கெட்டுக்கு அருகே இருக்க வேண்டிய இரண்டு ரெசிஸ்டர்களை விட்டுவிடுகிறார்கள். அத்தகைய போர்டை இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் மாட்டினால் அதற்கு மின்சாரமே வராது. ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பியாக உள்ள கேபிளில் மாட்டினால் வேலை செய்யும்.

கேபிளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பொழுதை அதிகம் விழுங்குவது அதுதான். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு: மின்சாரத்துக்குச் சிவப்பும் கறுப்பும், தரவுக்குப் பச்சையும் வெள்ளையும். புளூடூத் ஸ்பீக்கர், டிரிம்மர், பவர் பேங்க் முதலியவற்றோடு இலவசமாக வரும் கேபிள்கள் பலவற்றில் தரவுக் கம்பிகள் இரண்டும் இருப்பதே இல்லை. அத்தகைய கேபிளில் மாட்டினால் போர்டுக்கு மின்சாரம் போகும், ஏற்கெனவே ஏற்றிய புரோகிராம் ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் இப்படியொரு பொருள் தன்னுடன் இணைந்திருப்பதே கணினிக்குத் தெரியாது. வெளித்தோற்றத்தில் இரண்டு வகையும் ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரரிடம் "அண்ணா, இது டேட்டா கேபிள்தானே?" என்று கேட்டு, "சார்ஜ் நல்லா ஏறும் சார்" என்று மறுமொழி வந்தால், வேறு கேபிளைக் கேளுங்கள். வீட்டில் உள்ள கேபிளைச் சோதிக்க எளிய வழி, மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட் உள்ள பழைய ஃபோன் ஒன்றை அதில் மாட்டிக் கணினியில் இணைப்பதுதான். ஃபோனில் உள்ள படங்கள் கணினியில் தெரிந்தால் அந்தக் கேபிளை நம்பலாம். நம்பிக்கையான கேபிள் ஒன்று கிடைத்துவிட்டால் அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

கோப்பைத் தேர்ந்தெடுத்தல்

பிகோவின் பூட்லோடர் ஏற்றுக்கொள்வது யூஎஃப்2 என்னும் வடிவத்தில் உள்ள கோப்புகளை மட்டுமே. மேக்கோடு என்ற கற்பித்தல் தளத்துக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய இவ்வடிவத்தில், கோப்பு முழுவதும் 512 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் தான் ஃபிளாஷில் எந்த முகவரிக்குப் போக வேண்டும், மொத்தம் எத்தனை துண்டுகள், அவற்றில் தான் எத்தனையாவது, எந்தச் சிப் குடும்பத்துக்கு உரியது என்ற விவரங்களைத் தன்னோடு சுமந்து வருகிறது. பிகோவுக்கான கோப்புகளில் துண்டு ஒன்றுக்கு 256 பைட் மட்டுமே உண்மையான புரோகிராம். யூஎஃப்2 கோப்பின் அளவு ஃபிளாஷில் அது பிடிக்கும் இடத்தைப்போல இரு மடங்காக இருப்பது இதனால்தான். 512-ஆல் மீதியின்றி வகுபடாத அளவில் ஒரு யூஎஃப்2 கோப்பு உங்களிடம் இருந்தால், அது முழுமையாக இறங்கவில்லை, அல்லது அது யூஎஃப்2 கோப்பே இல்லை.

இரண்டாவது நிலைமை எதிர்பார்ப்பதைவிட அடிக்கடி நேர்கிறது. இணைப்பின் மேல் வலது கிளிக் செய்து சேமிக்கும்போது, கோப்புக்குப் பதிலாக அதைக் காட்டும் வலைப்பக்கம் அதே பெயரில் சேமிக்கப்பட்டுவிடும். ஐயம் இருந்தால் கோப்பை நோட்பேடு போன்ற ஒன்றில் திறந்து பாருங்கள்: உண்மையான கோப்பின் தொடக்கத்தில் யூ, எஃப், 2 ஆகிய மூன்று குறிகள் ஆங்கிலத்தில் தெரியும், அதன் பிறகு வருவது படிக்க முடியாத குழப்பமாக இருக்கும். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுங்கள். ஜிப் கோப்பாக வந்திருந்தால் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதன்முறை ஏற்றுவதற்கு, சிறு சிப்புகளுக்கான பைத்தான் மொழி வடிவமாகிய மைக்ரோபைத்தான் ஃபர்ம்வேர் பொருத்தமானது. அதன் அதிகாரபூர்வத் தளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் தனிப் பக்கம் உண்டு. உங்கள் போர்டின் பெயருள்ள பக்கத்துக்குப் போய், சோதனைப் பதிப்புகளைத் தவிர்த்து, வெளியிடப்பட்ட பதிப்புகளில் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றுதல்

போர்டில் வேறு எந்த வயரும் இணைந்திருக்க வேண்டாம். பின்கள் சாலிடர் செய்யப்பட்ட போர்டுகளைச் சில கடைகளில் கறுப்பு நுரைத் துண்டில் குத்திக் கொடுப்பார்கள். நிலைமின்சாரத்திலிருந்து காப்பதற்கான அந்த நுரை மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்பதால், கேபிளை மாட்டும் முன் போர்டை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். எஃகு மேசையின் மேலும் வைக்க வேண்டாம். ஃபர்ம்வேர் ஏற்றுவதற்குப் பின்கள் சாலிடர் செய்யப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

இனி வரிசையாக. கேபிளின் சிறிய முனையை முதலில் போர்டில் மாட்டுங்கள். பெரிய முனை இன்னும் கணினியில் சேரக்கூடாது. போர்டின் மேல் உள்ள ஒரே பொத்தான், வெள்ளை நிறத்தில் இருக்கும் பூட்செல். அதை ஒரு கையின் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, மறு கையால் கேபிளின் பெரிய முனையைக் கணினியில் செருகுங்கள். ஓரிரு விநாடி கழித்துப் பொத்தானை விட்டுவிடலாம். பல குறிப்புகளில் சிறிய முனையைக் கடைசியாகச் செருகச் சொல்லியிருப்பார்கள். பலன் ஒன்றுதான் என்றாலும், பொத்தானை அழுத்திய நிலையில் சிறிய முனையைத் தள்ளும்போது மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட் கோணலாக அழுத்தம் வாங்குகிறது. போர்டில் எளிதில் பெயர்ந்துவரும் உறுப்பு அந்தச் சாக்கெட்தான்.

மின்சாரம் வரும் அந்தக் கணத்தில் பொத்தான் அழுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதே இதில் உள்ள சூட்சுமம். பூட்செல் பொத்தான், ஃபிளாஷ் சிப்பைத் தேர்வு செய்யும் இணைப்பைத் தாழ்நிலைக்கு இழுக்கிறது. ரோமில் உள்ள நிரல் விழித்தவுடன் அந்த இணைப்பைப் பார்த்து, அது தாழ்ந்திருந்தால் ஃபிளாஷில் உள்ள புரோகிராமை ஓட்டாமல் யூஎஸ்பி பூட்லோடராகக் காத்திருக்கிறது. இந்தச் சோதனை தொடக்கத்தில் ஒரே ஒருமுறைதான் நடக்கும். கேபிளை மாட்டிவிட்டுப் பிறகு எவ்வளவு நேரம் பொத்தானை அழுத்தினாலும் பூட்லோடர் வராது. ஃபிளாஷில் ஓடக்கூடிய புரோகிராம் எதுவும் இல்லையென்றால், பொத்தானை அழுத்தாமலேயே பூட்லோடர் வந்துவிடும். புதுப் போர்டுகளில் இப்படி நேரும்போது குழம்ப வேண்டாம்.

இப்போது கணினியில் ஆர்பிஐ-ஆர்பி2 என்ற பெயரில் ஒரு டிரைவ் தோன்றும். பிகோ 2 ஆனால் அதன் பெயர் ஆர்பி2350. அதற்குள் ஒரு சிறிய உரைக்கோப்பும் ஓர் இணையப்பக்கக் கோப்பும் இருக்கும். உரைக்கோப்பைத் திறந்தால் பூட்லோடரின் பதிப்பும் போர்டின் அடையாளமும் தெரியும். டிரைவின் கொள்ளளவு 128 மெகாபைட் என்று காட்டுவதைக் கண்டு வியக்க வேண்டாம். அப்படியொரு டிரைவே உண்மையில் கிடையாது. கணினி கேட்கும் கேள்விகளுக்கு ஒரு பென் டிரைவ் எப்படிப் பதில் சொல்லுமோ அப்படி ரோம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் விண்டோஸ் 10-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் லினக்ஸிலும் மேக்கிலும் தனி டிரைவர் எதுவும் நிறுவாமலேயே இது நடக்கிறது.

யூஎஃப்2 கோப்பை அந்த டிரைவில் நகலெடுங்கள். கோப்பின் பெயர் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. துண்டுகளின் உள்ளடக்கத்தை மட்டுமே ரோம் பார்க்கிறது. எல்லாத் துண்டுகளும் வந்து சேர்ந்ததும் போர்டு தானாகவே மறுபடி தொடங்கும், டிரைவும் மறைந்துவிடும். டிரைவ் முறையாக வெளியேற்றப்படவில்லை என்று மேக் கடிந்துகொள்ளும். சில லினக்ஸ் கணினிகளிலும் இதுபோன்ற பிழைச் செய்தி வரும். அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். டிரைவ் மறைவதுதான் வேலை முடிந்ததற்கான அடையாளம்.

பிகோவில் மின்சாரம் வந்ததைக் காட்டும் விளக்கு கிடையாது. இருக்கும் ஒரே பச்சை எல்இடி, புரோகிராம் சொன்னால்தான் எரியும். ஆகவே மைக்ரோபைத்தான் ஏறிய பின் போர்டு இருளாக இருப்பது இயல்பே. தோனி (Thonny) என்ற இலவச மென்பொருளைத் திறந்து, அதன் வலது கீழ்மூலையில் பிகோவுக்கான மைக்ரோபைத்தானைத் தேர்ந்தெடுத்தால், கீழே உள்ள பகுதியில் பதிப்பு எண்ணும், மூன்று வலக்கோணக் குறிகளும் (>>>) தோன்றும். அங்கே இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொல்லி ஐந்து வந்தால், கணக்குப் போட்டது உங்கள் போர்டு.

நடக்காதபோது பார்க்க வேண்டியவை

டிரைவ் தோன்றவே இல்லையென்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேராகக் கணினியில் மாட்டுங்கள். அதற்கும் பயனில்லையெனில், எந்தக் கணினியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று யோசியுங்கள். ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ உள்ள அலுவலகம் கொடுத்த லேப்டாப்பாக இருந்தால், அதில் யூஎஸ்பி சேமிப்புக் கருவிகளைத் தடை செய்து வைத்திருக்க வாய்ப்பு மிக அதிகம். பிகோவும் கணினியின் பார்வையில் ஒரு பென் டிரைவ் என்பதால் அதே தடையில் சிக்குகிறது. அந்தத் தடையைச் சுற்றிப் போக வழி தேடுவது வேலைக்கு உலை வைத்துக்கொள்ளும் காரியம். அறைத்தோழரின் சொந்த லேப்டாப்பைக் கேட்டு வாங்குவதே மேல். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டுபவர்கள், டிரைவ் விண்டோஸ் பக்கத்தில்தான் தெரியும் என்பதை நினைவில் கொண்டு கோப்பை அங்கே கொண்டுவந்து நகலெடுக்க வேண்டும்.

டிரைவ் தோன்றுகிறது, கோப்பும் நகலாகிறது, ஆனால் டிரைவ் மறையவில்லை என்றால் கோப்பு தவறானது. பிகோ 2-க்குப் பிகோவின் கோப்பைக் கொடுத்தாலோ, பிகோவுக்குப் பிகோ 2-இன் கோப்பைக் கொடுத்தாலோ, துண்டுகளில் உள்ள குடும்ப எண் பொருந்தாததால் ரோம் அவற்றைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். ஹெக்ஸ் (.hex), பின் (.bin) போன்ற வேறு வடிவக் கோப்புகளுக்கும் இதே கதிதான்.

பிகோ டபிள்யூ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. எல்இடியைச் சிமிட்ட வைக்கும் பழைய உதாரணங்கள், சிப்பின் உள்ளீட்டு-வெளியீட்டு இணைப்புகளில் ஒன்றான ஜிபிஐஓ 25-ஐ நம்பி எழுதப்பட்டவை. பிகோ டபிள்யூவில் எல்இடி வைஃபை சிப்புடன் இணைக்கப்பட்டிருப்பதால், சாதாரணப் பிகோவுக்கான சிமிட்டல் கோப்பு பிழையின்றி ஏறி, பிழையின்றி ஓடி, எதையும் காட்டாது. மைக்ரோபைத்தானில் எண்ணுக்குப் பதிலாக எல்இடி என்ற பெயரையே கொடுத்தால் இரண்டு வகையிலும் எரியும்.

லினக்ஸில் ஃபர்ம்வேர் ஏறிய பிறகு தோனி போர்டைத் திறக்க மறுத்தால், கணினி போர்டுடன் பேசும் வழியான சீரியல் போர்ட்டைப் பயன்படுத்தும் உரிமை உங்கள் பயனர் கணக்குக்கு இல்லை என்று பொருள். உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் கணக்கை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். நிர்வாகி உரிமையோடு தோனியை ஓட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. அது கெட்ட பழக்கம்.

கடைசியாக, புரிந்துகொள்ளச் சற்றுக் கடினமான ஒன்று. மைக்ரோபைத்தான் ஃபர்ம்வேர் ஃபிளாஷின் முன்பகுதியில் அமர்கிறது. நீங்கள் சேமிக்கும் பைத்தான் கோப்புகள் பின்பகுதியில் இருக்கின்றன. ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றும்போது முன்பகுதி மட்டுமே எழுதப்படுவதால், உங்கள் கோப்புகள் அப்படியே தங்கிவிடும். மின்சாரம் வந்ததும் தானாக ஓடும் மெயின் (main.py) என்ற கோப்பில் முடிவில்லாச் சுழற்சி ஒன்றை எழுதி, தோனியால் போர்டை அணுகவே முடியாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோபைத்தானை எத்தனை முறை திரும்ப ஏற்றினாலும் அந்தக் கோப்பு மறுபடியும் ஓடத்தான் செய்யும். இதற்கென்றே ஃபிளாஷ் நியூக் என்ற யூஎஃப்2 கோப்பை ராஸ்பெரி பை ஆவணங்களில் வைத்திருக்கிறார்கள். பூட்செல் முறையில் அதை ஏற்றினால் ஃபிளாஷ் முழுவதையும் துடைத்துவிட்டுத் தானாகவே பூட்லோடருக்குத் திரும்பும். பிறகு மைக்ரோபைத்தானைப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம். உள்ளே இருந்த கோப்புகள் எல்லாம் போய்விடும் என்பதால், கணினியில் நகல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரைவைத் திறந்து பழைய புரோகிராமை வெளியே எடுத்து வைக்கலாம் என்று எண்ண வேண்டாம், அந்தப் பொய் டிரைவில் அது இருக்காது. பிகோடூல் என்ற கட்டளைவரிக் கருவியால்தான் ஃபிளாஷின் உள்ளடக்கத்தை ஒரு கோப்பாகச் சேமிக்க முடியும்.

போர்டை உண்மையிலேயே கெடுக்கக்கூடியவை வேறு. ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 5 வோல்ட் சென்சாரின் வெளியீட்டை நேராக இணைத்தால் பின் எரியலாம், சிப்பும் போகலாம். பிகோ 2-இல் ஒரே ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய ஓடிபி என்ற பகுதி உண்டு. வழக்கமான ஃபர்ம்வேர் கோப்புகள் அதைத் தொடுவதில்லை. அதை மாற்றச் சொல்லும் கட்டளைகளைப் புரியாமல் ஓட்டாமல் இருந்தால் போதும்.

அடிக்கடி ஏற்றுபவர்களுக்கு

ஒவ்வொரு முறையும் கேபிளைப் பிடுங்கி மாட்டுவது விரைவில் சலித்துவிடும். மைக்ரோபைத்தான் ஓடும் போர்டில், மெஷின் தொகுதியில் உள்ள பூட்லோடர் என்ற கட்டளையை அழைத்தால் போர்டு நேராகப் பூட்லோடருக்குப் போய்விடும். ஆர்டுயினோ மென்பொருளில் எழுதுபவர்களுக்கு இந்த வேலையும் இல்லை. சீரியல் போர்ட்டை 1200 பாட் வேகத்தில் திறந்து மூடுவதன் மூலம் அந்த மென்பொருளே போர்டைப் பூட்லோடருக்குத் தள்ளிவிடுகிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் தொங்கிவிட்டால் இந்த இரண்டு வழிகளும் பலிக்காது.

எந்த நிலையிலும் பலிப்பது ஒரு ரீசெட் பொத்தான். பிகோவில் அது இல்லாததால் நாமே வைத்துக்கொள்ள வேண்டும்: சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய புஷ் பட்டனின் ஒரு காலை ரன் எனப்படும் 30-ஆம் பின்னுக்கும், மற்றொரு காலை கிரவுண்டான 28-ஆம் பின்னுக்கும் இணையுங்கள். பின்கள் சாலிடர் செய்யப்பட்ட போர்டானால் பிரெட்போர்டிலேயே இதைச் செய்துவிடலாம். அதன் பிறகு பூட்செல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டு இந்தப் பட்டனைத் தட்டி விட்டு, பின்னர் பூட்செல்லை விட்டால், கேபிள் மாட்டியபடியே இருக்க டிரைவ் வந்து நிற்கும்.